மூன்று சான்றிதழும் ஒரு கேபிளும்

சீடருக்கு நாற்பத்தேழு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு.

கடலோர ஊர் ஒன்றில் ஐந்து மாடி ஆஸ்பத்திரி. அங்கே இருக்கும் நானூறு கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைப்பது தமயந்தியின் வேலை. நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்ய வந்தவள், இந்தக் கேபிள் எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டே இந்த இடத்துக்கு வந்துவிட்டாள். பரீட்சை என்று ஒன்றும் எழுதியதில்லை. ஆனாலும் எந்த வார்டில் திரை இருண்டாலும் முதலில் வரும் கேள்வி, "தமயந்தி எங்கே?" என்பதுதான்.

சூசைராஜ் பரீட்சை எழுதியவர். இருபது வருஷம் நூற்பாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். ஆலை மூடியது. தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து, இரண்டே வருஷத்தில் மூன்று நெட்வொர்க் சான்றிதழ்கள் வாங்கினார். மூன்றையும் லேமினேட் செய்து பைக்குள் வைத்திருந்தார். மழை வந்தால் குடையை முதலில் அந்தப் பைக்குத்தான் பிடிப்பார்.

அன்று அவருடைய ஆறு மாதப் பயிற்சியின் கடைசி நாள். மலையடிவாரத்தில் ஆஸ்பத்திரி ஒரு கிளை திறந்திருந்தது. அங்கே ஒற்றை ஆளாக நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாக விடலாம் என்று படிவத்தில் தமயந்தி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீடு. வீட்டில் மனைவி பிலோமினா காலையிலேயே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்த மூணு பேப்பரும் எனக்கு வேலை தெரியும்னு சொல்லுது. அது நிஜமா?"

தமயந்தி டீயை ஊதினாள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணுகூட வாங்கலையே."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். ஒரு வாரமாத் தூக்கமே இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பதிவு கவுண்டர் கனகா. அவள் கத்தியது சூசைராஜுக்கும் கேட்டது.

"எல்லாம் நின்னு போச்சு! இங்க இருநூறு பேர் நிக்கிறாங்க. டோக்கனைக் குடு, இல்லன்னா உன் தலையைக் குடுங்கிறாங்க. வாறீங்களா, இல்ல நான் வீட்டுக்குப் போவட்டா?"

அடுத்த போன் லேபிலிருந்து. அதற்கடுத்தது மருந்தகத்திலிருந்து.

"நீங்க பாருங்க," என்றாள் தமயந்தி.

சூசைராஜ் உட்கார்ந்தார். முதலில் இதைப் பார், பிறகு அதைப் பார் என்று படித்த வரிசை மாறாமல் கட்டளைகளைத் தட்டினார். எதற்கும் பதில் இல்லை. புத்தகத்தில் அது எந்தப் பக்கம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. திரை மட்டும் அசையவில்லை.

தமயந்தி எழுந்து பக்கத்து அறையைத் திறந்தாள். ஆஸ்பத்திரியின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பச்சை விளக்கு. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு நின்றாள்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"எல்லா விளக்கும் மின்னுது மேடம். எல்லாத்துலயும் வேலை நடக்குது."

"நேத்து எப்படி இருந்துச்சு?"

ஆறு மாதமாகத் தினமும் இந்த அறைக்குள் வந்து போகிறவர் சூசைராஜ். விளக்கு எரிகிறதா என்று பார்த்திருக்கிறார். எப்படி எரிகிறது என்று பார்த்ததில்லை.

"தனித்தனியாப் பேசிக்கிட்டு இருந்துச்சு," என்றாள் தமயந்தி. "லேப் லொடலொடன்னு பேசும். எக்ஸ்ரே கம்முனு இருந்துட்டுத் திடீர்னு கொட்டும். பிளட் பேங்க் எப்பவாச்சும் ஒரு வார்த்தை. இப்பப் பாருங்க, எல்லாம் ஒண்ணாத் துடிக்குது. இது பேச்சில்ல, ஒப்பாரி. எங்கேயோ ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சிருக்காங்க."

ஒவ்வொரு தளத்துப் பெட்டியையும் மற்றவற்றோடு ஒரு தடித்த கேபிள் இணைத்தது. ஒன்றைப் பிடுங்கினாள். விளக்குகளைப் பார்த்தாள். திரும்பச் சொருகினாள். இன்னொன்று. மூன்றாவதைப் பிடுங்கியதும், பூசை முடிந்து ஜனங்கள் கோவில் வாசலில் கலைவதுபோல, விளக்குகள் ஒவ்வொன்றும் தன் தன் போக்கில் பிரிந்தன. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று சும்மா.

சூசைராஜ் விளக்குகளுக்கு அருகில் போனார். கேபிள் ஒன்று சுற்றி வந்து தன் இடத்திலேயே சேர்ந்துவிட்டால், போன செய்தியே திரும்பி வந்து, வந்ததே மறுபடி போய், பெருகிப் பெருகி எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். இதைப் பற்றிப் பரீட்சையில் நான்கு கேள்விகள். நான்குக்கும் சரியாக எழுதியிருந்தார். அதன் முகத்தை இன்றுதான் பார்க்கிறார்.

"பிராட்காஸ்ட் ஸ்டார்ம்," என்றார் மெல்ல.

"பேரு நல்லாத்தான் இருக்கு. வாங்க, கீழ்த்தளம்."

கனகாவின் மேஜைக்கு அடியில் தமயந்தி குனிந்தாள். ஒரு சின்னக் கேபிள். ஒரு முனை சுவரில் ஒரு துளையில். மறுமுனை பக்கத்துத் துளையில். சுவரிலிருந்து கிளம்பி சுவருக்கே போயிருந்தது.

சற்று முன் மாடிக்கு வரும் வழியில் அதன் ஒரு முனை தொங்கியதைப் பார்த்தவர் சூசைராஜ். எடுத்துச் சொருகியவரும் அவர்.

"நான்தான் மேடம். தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆலையில எதையும் தொங்க விடமாட்டோம்."

"அடப்பாவி அண்ணாச்சி!" என்றாள் கனகா. "இவ்வளவு நேரமும் நான் வாங்கின ஏச்செல்லாம் உங்களுக்கு வரவேண்டியதா?"

தமயந்தி கேபிளை உருவிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். "சுத்தமா வெச்சிருக்கீங்க," என்றாள். சிரிக்கிறாளா, குத்துகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்து போயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

மாடியில் பிடுங்கிய கேபிளை அவள் திரும்பச் சொருகியதும் கீழ்த்தளமும் உயிர் பெற்றது. நாற்காலியில் உட்கார்ந்தபிறகும் அவருக்கு ஏதோ உறுத்தியது. ஒரு கேபிளால் ஒரு ஆஸ்பத்திரியே நிற்கலாமா? படித்தபடி பார்த்தால் நடக்கவே கூடாது. இப்படிச் சுற்று விழுந்தால் தானாகக் கதவை அடைத்துக்கொள்ளும் காவல் ஒன்று அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே உண்டு. பெட்டிகளின் செட்டிங்கைத் திரையில் திறந்து பார்க்க வேண்டும் என்றார். தமயந்தி கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தாள். அது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

காவல் அணைக்கப்பட்டிருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரியைக் கெடுத்தவன் நான். கையெழுத்துப் போடவேண்டியவள் இவள். வாயை மூடிக்கொண்டு இரு சூசை. மனசு சொன்னதை வாய் கேட்கவில்லை.

"மேடம், காவலை யாரோ எடுத்து விட்டிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான். ஆறு வருஷம் ஆச்சு. அது இருந்தாக் காலையில கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணும் எழுந்திரிக்க அரை நிமிஷம் ஆவும். எல்லாரும் திட்டுனாங்க. எடுத்துட்டேன்."

"எடுக்கவே வேண்டாம் மேடம். கம்ப்யூட்டர் இருக்கிற துளைக்கு மட்டும் காத்திருக்காதேன்னு தனியாச் சொல்லிரலாம். காவலும் இருக்கும், தாமதமும் இருக்காது. ரெண்டே வரி."

தமயந்தி டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னார். அவள் குறுக்கே கேட்டாள். பேப்பரில் வரைந்து காட்டினார். மூன்றாவது தடவைதான் அவளுக்குப் பிடிபட்டது. "ஆறு வருஷம்!" என்றாள் தனக்குள். அவள் முகத்தில் வெட்கத்தைத் தேடிப் பார்த்தார், அங்கே இல்லை. கண் மட்டும் விரிந்திருந்தது. இந்த ஆஸ்பத்திரியே கும்பிடுகிற ஆள் தன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கிறாள் என்பதில் அவருக்குப் பேச்சே தடுமாறியது.

இரண்டு வரியும் அவரே அடித்தார்.

ஒரு மணிக்குக் கவுண்டர் மூடியது. தமயந்தி போனை எடுத்தாள். முதலில் வார்டுகள். "சிஸ்டர், நான் சொல்ற வரைக்கும் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதுங்க." பிறகு பிளட் பேங்க். "அவசரமா எடுக்க வேண்டியது இருந்தா இப்பவே எடுத்துருங்க." பிறகு ஆபரேஷன் தியேட்டர். "உள்ள யாரு? எப்ப வெளிய வருவாங்க?" உள்ளே இருந்தவரை வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்று தியேட்டர் திரும்பக் கூப்பிடும்வரை இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். சூசைராஜ் யோசித்துப் பார்த்தார். மூன்று புத்தகத்திலும் இந்தப் பக்கம் இல்லை.

பிறகு சுருட்டி வைத்திருந்த கேபிளை அவரிடம் நீட்டினாள்.

"அதே இடத்துல சொருகுங்க."

"மேடம்!"

"ரெண்டு வரி போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"அப்பச் சொருகுங்க. நான் மேல விளக்கைப் பாக்குறேன். போன்ல இருங்க."

"ஒருவேளை…"

"ஒருவேளைன்னா ஆஸ்பத்திரி நிக்கும். போங்க."

கனகா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் கையில் கேபிளைப் பார்த்ததும் மூடிவிட்டாள். "மறுபடியுமா? ஏசுவே, நான் ஒரு வாய் சாப்பிட்டுக்கிடுதேன், பெறவு செய்யும்."

அவர் முழங்காலிட்டு மேஜைக்குள் நுழைந்தார். ஒரு முனை ஏறியது. மறுமுனையைத் துளைக்கு நேரே பிடித்தார். அது நேராக நிற்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேலே ஐந்து மாடி. இப்போதுதான் வெளியே கொண்டுவந்த ஒரு ஆள் அங்கே மயக்கத்தில் கிடக்கிறார். பிளட் பேங்க்கின் அந்த ஒற்றை வார்த்தை இந்த நேரம் பார்த்து வந்துவிடக் கூடாது.

சொருகினார்.

போனில் தமயந்தியின் மூச்சு மட்டும் கேட்டது. அவர் மாதாவைக் கூப்பிட்டார், ஒன்று, இரண்டு என்று எண்ணினார், மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி." கோவிலுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது தமயந்தியின் குரல். "ஒரே ஒரு விளக்கு மஞ்சளாச்சு. மத்ததெல்லாம் அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கு. மேல வாங்க. இதை நீங்க பாக்கணும்."

அவர் படிகளில் ஓடி ஏறினார். இருட்டறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நூற்றுக்கணக்கான பச்சைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள், அசையாமல். அதைச் சுற்றி லேப் லொடலொடத்தது. எக்ஸ்ரே கொட்டிவிட்டு ஓய்ந்தது. நெடுநேரம் பார்த்திருந்தும் பிளட் பேங்க் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு வார்த்தை சொன்னது.

சூசைராஜ் படிவத்தை எடுத்தார். "மேடம், காலையில கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல."

"சொருகும்போது கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"பரீட்சை எழுதும்போது?"

"அப்பவும்தான். பெயிலாயிட்டா எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறதுன்னு."

"இன்னிக்கு?"

"மேல மயக்கத்துல கிடக்கிறவரை நெனச்சு மேடம்."

தமயந்தி படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.