உச்சிக்குக் கீழே ஒரு பாறை

மேகம் விலகாத அந்த மலைச்சிகரத்துக்குத் தன் பேரை வைக்க ஜமீன்தாருக்கு ஆசை வந்துவிட்டது. டோலியில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டார்: “உச்சியில முதல்ல என் கால்தான் படணும். எனக்கு முந்தி எவன் கால் பட்டாலும் வெட்டிப்புடுவேன்!”

உச்சி கண்ணுக்குத் தெரிந்ததும், முன்னால் தூக்கிவந்த மாசானம் ஒரு பாறையில் டோலியை இறக்கிவிட்டான்.

“ஏன்டா எறக்குன? தூக்குடா!”

“தூக்குறவன் காலுதானே சாமி முந்திப் படும்? எங்க காலு எங்களுக்கு வேணும். இனி நீங்களே நடங்க.”

ஜமீன்தார் செங்குத்து மேட்டை அண்ணாந்து பார்த்தார். குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார்.

“காத்து சரியில்லை. திருப்புங்கடா.”

சிகரத்துக்கு இன்றுவரை பேர் கிடையாது. அந்தப் பாறைக்கு மட்டும் உண்டு: ஜமீன் திரும்பின பாறை.