இன்னாசி சாரின் கறுப்புக் கோடு

கண்ணாடித் தகடுகளைச் சோப்பு நீரில் ஊறப்போட்டிருக்கிறேன். பஞ்சால்தான் தேய்க்கவேண்டும், கம்பி நார் கூடாது. கீறல் விழுந்தால் அடுத்த சோதனை கெட்டுப்போகும். தேய்க்கிற நேரத்துக்குள், இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லாம் தமயந்தி மேடம்தான். அவர்களிடம் படிக்க வந்தவர் இன்னாசி சார். நாகர்கோவில் பக்கம் கல்லூரி வாத்தியார். மேடத்தைவிட மூத்தவர், தலை நரைத்தவர். கல்லூரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து படித்தார். அந்த விடுப்பு முடியப்போகிறது. அதற்குள் பட்டம் வாங்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பவேண்டும்.

செல்லுக்குள் சேதி போய்வந்துகொண்டே இருக்குமாம். சேதி மிஞ்சிப்போகாமல் அடக்கி வைக்கிற புரதம் ஒன்று உண்டாம். சாருக்கு அதுதான் படிப்பு. கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? அதற்கு ஆன்டிபாடி என்று ஒன்று, சுண்டுவிரல் நீளக் குப்பியில், வெளிநாட்டிலிருந்து ஐஸில் வைத்து வரும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும்.

ஒரு சனிக்கிழமை சாருக்குக் கோடு விழுந்தது. வரவேண்டிய இடத்திலேயே, மை தீட்டினாற்போல. ஈரம் காயாத படத்தோடு மேடத்தின் அறைக்குப் போனார். அங்கன்வாடி லீவு என்பதால் என் பாப்பா அங்கேதான் இருந்தாள். இட்லி ஊட்டிக்கொண்டிருந்த நான் எழுந்து ஓரமாக நின்றேன்.

மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள். அந்தப் புரதத்தையே நீக்கிவிட்ட செல்லும் நம்மிடம் இருக்கிறதே, அதைப் பக்கத்து வரிசையில் வைத்தீர்களா என்று கேட்டார்கள்.

இல்லை என்றார் சார். திங்கட்கிழமை ஆய்வுப் புத்தகத்தை அட்டை போட்டுக் கட்டக் கொடுக்கவேண்டுமே என்றார். பிறகு தயங்கி, "இருக்கிற இடத்தைக் காட்டிடுச்சே மேடம். இல்லாத இடத்துல எதுக்குத் தேடணும்?" என்றார்.

மேடம் பாப்பா பக்கம் குனிந்து, அம்மா எங்கே என்று கேட்டார்கள். பாப்பா இட்லிக் கையை என் பக்கம் நீட்டினாள்.

"அசல் ஆன்டிபாடி" என்று சார் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. என்னை வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். வராந்தா கூட்டிக்கொண்டிருந்த ஜெபமணி அக்காவைக் கூப்பிட்டு, நான் நின்ற இடத்தில் நிறுத்தினார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே நீலப் புடவை, இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பது. ஒரே உயரம். பாப்பாவைப் பார்த்தால் பிஸ்கட் கொடுப்பதும் அக்காதான்.

"அம்மா எங்கே?"

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். விளையாட்டுத்தான். ஆனாலும் அக்காவைக் காட்டிவிடாதே தாயி என்று மனசு அடித்துக்கொண்டது.

பாப்பா அக்காவின் புடவையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சாரை, மேடத்தை, காலி நாற்காலியைக்கூடப் பார்த்தாள். கை எழவில்லை. உதடு பிதுங்கியது. பிறகு அழுதாள்.

"கூப்பிடுங்க மேடம், புள்ள அழுவுது" என்றார் சார்.

மேடம் அவரையே பார்த்தார்கள். "அம்மா இல்லைன்னதும் வர்ற இந்த அழுகை உங்க குப்பிக்கு வருமா சார்? கேட்டுப் பாத்தீங்களா?"

நான் ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சார் புத்தகத்தைக் கட்டக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஜெபமணி அக்காகூடச் சொன்னாள். அவர் அந்தப் புரதமில்லாத செல்லை எடுத்து வளர்த்தார். வளர்க்கிற நாளெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரம் பாதி மிச்சத்தோடுதான் கழுவ வந்தது. இன்று காலை படம் எடுத்தார்.

புரதம் இருக்கிற வரிசையில் கோடு. புரதமே இல்லாத வரிசையிலும் கோடு. அதே இடத்தில், அதே கறுப்பில்.

மேடம் வந்து பக்கத்தில் நின்றார்கள். சார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்த நாளிலிருந்து எல்லாப் படத்துக்கும் இந்த ஆன்டிபாடிதான் என்றார்.

"அப்போ இவ்வளவு காலமா நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம்?"

"நீலப் புடவையை, சார்."

சார் இந்தத் தகடுகளைத் தாமே எடுத்துவந்து தொட்டியில் வைத்தார். மத்தியானச் சோதனைக்கு மறுபடி இவை வேண்டும், நல்லாக் கழுவிக் கொடும்மா என்றார். விடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சோப்பு போய்விட்டது. கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் கவிழ்க்கவேண்டும். இன்றும் சனிக்கிழமை. மேடத்தின் அறையிலிருந்து பாப்பா கூப்பிடுகிறாள். இரு தங்கம், அம்மா இங்கேதான்.