கடித அறையில் நாற்பது நாள்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள், முதலில் உமாபதியின் கோபத்தைக் கேளுங்கள்.

உமாபதி மடத்தின் நிர்வாகி, குருவின் மூத்த சீடர். ஐம்பது வயது, ஒல்லிக்குச்சி உடம்பு. ஒருநாள் மூச்சிரைக்க வந்தார்.

"சாமி, செங்கமலம் களஞ்சியத்தில் கை வைக்கிறாள். அனுப்பிவிட வேண்டும்."

செங்கமலம் கடித அறையில் பக்தர்களுக்குப் பதில் எழுதுபவள். கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு மடத்திலேயே குடியிருந்தாள். அனுப்பினால் போக்கிடம் கிடையாது.

"கண்ணால் பார்த்தாயா?" என்றார் குரு.

"பார்க்க வேறு வேண்டுமா? எல்லாருக்கும் ஒரே உலை, ஒரே அகப்பை. தோட்டத்து ஆண்களுக்கு வயிறே இல்லை. தொழுவத்துப் பெண்கள் ஈர்க்குச்சி. உட்கார்ந்த வேலை என்பீர்கள். அதே அறையில் நல்லபெருமாளும்தானே உட்கார்ந்திருக்கிறான்? அவன் கொஞ்சம் பூசினாற்போல், அவ்வளவுதான். இவள் மட்டும் ஏன் பெருத்துக்கொண்டே போகிறாள்?"

"கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம். களஞ்சியச் சாவியை அவளிடம் கொடு."

"திருடுகிறவளிடமா!"

"தேங்காய்ச் சில்லு வைக்காமல் எலி வருமா? நாற்பது நாள் உன் வேலை அவளுக்கு. தோட்டம், தொழுவம், குளத்தங்கரை என்று சுற்றட்டும். அவள் வேலை உனக்கு. அவளுக்குள்ள விதியும் உனக்கு. இன்றே எல்லாரையும் நிறுத்து வைப்போம். தின்றால் எடை காட்டிக்கொடுக்கும்."

அந்த விதி இதுதான்: முற்றத்தில் யாத்திரிகர்கள் நடமாடுவதால், கடித அறைப் பெண்கள் காலை மணி முதல் மாலை மணிவரை வாசல் தாண்டக்கூடாது. சோறு, மோர் எல்லாம் மேசைக்கே வரும். ஆண்களுக்குத் தடையில்லை. எழுதி ஒட்டியவர் உமாபதி.

உற்சாகமாகப் போய் உட்கார்ந்தார். நல்லபெருமாள் மணிக்கொரு தரம் எழுந்தான்.

"அண்ணே, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரேன். வரீங்களா? அடடா, நீங்கதான் வாசல் தாண்டக் கூடாதே!"

இருபதாம் நாள் சட்டைப் பொத்தான் வயிற்றில் எட்டவில்லை. "சலவையில் சுருக்கிவிட்டான் பாவி" என்றார் உமாபதி. முப்பதாம் நாள் மோதிரம் கழலவில்லை. "வெயில் வீக்கம்" என்றார்.

இன்னும் சிரிக்காதீர்கள்.

நாற்பதாம் நாள், அரிசி மூட்டை நிறுக்கும் தராசு வந்தது. நல்லபெருமாள் ஏறினான், மாற்றமில்லை. செங்கமலம் ஏறினாள், மூன்று கிலோ குறைவு. உமாபதி ஏறினார், நான்கு கிலோ கூடுதல்.

"தராசு கோளாறு! மறுபடி நிறுங்கள்!"

நிறுத்தார்கள். நான்கேதான்.

குருவின் முகம் கடுகடுத்தது. "உமாபதி, எத்தனை நாளாகத் திருடுகிறாய்?"

"சாமி!"

"எல்லாருக்கும் ஒரே உலை, ஒரே அகப்பை." அச்சு அசல் உமாபதியின் கீச்சுக்குரல், குருவின் வாயிலிருந்து. "நீ மட்டும் ஏன் பெருத்தாய்? அனுப்பிவிட வேண்டியதுதான்."

"ஒரு பருக்கை தொடவில்லை சாமி! விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த நாற்காலி. கால் மரத்துப்போகிறதே, நாலு எட்டு நடக்கலாம் என்றால் வாசலில் அந்தப் பாழாய்ப்போன விதி. எந்த மடையன் அதை எழுதி..."



செங்கமலம் நாற்பது நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் குரு. "பெயரைச் சொல்."