பனையேறிக் கெண்டை காற்றுக் குடித்த கதை

மீனும் மரமும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கெண்டைக்குக் கன்னம் வழுவழுவென்றுதான் இருந்தது. தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி மூச்சுவிடும் வழக்கம் எந்த மீனுக்கும் கிடையாது. கண்மாய் நிறைந்தால் வாழ்வது, வற்றினால் சாவது, அவ்வளவுதான் மீன் பிழைப்பு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, ஒச்சாயி என்ற ஒரு கெண்டையைத் தவிர.

முந்தின கோடையில் ஒச்சாயியின் குஞ்சுகள் அத்தனையும் அவள் கண்ணெதிரே சேற்றில் கிடந்து செத்துப்போயின. அவள் மட்டும் ஒரு குழியில் ஒண்டிப் பிழைத்தாள். பிழைத்து என்ன பிரயோசனம்? பெற்ற வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இந்த வருஷமும் வயிறு நிறைய முட்டை. இந்த வருஷமும் கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் ஊருணி இருந்தது. ஊரே குடிக்கிற தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றாது. அதில் யாரும் கால் நனைக்கக் கூடாது, வலை போடக் கூடாது. அங்கே போய் முட்டையிட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் கரை இருந்ததே, அதை எந்த மீன் தாண்டியது?

மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற சோணையன் ஒரு சாயங்காலம் சேற்றில் இறங்கி வந்தான்.

"ஒச்சாயி, நாளைக் காலையில கண்மாயை அழிக்கிறோம். ஊரே இறங்கி மீன் பிடிக்கப்போகுது. சொல்லாமப் பிடிச்சுட்டாங்கன்னு பிறகு குறைப்படக் கூடாது."

"குறைப்பட நான் இருந்தாத்தானே அண்ணே. ஒரே ஒரு உதவி செய்யி. ஒரு செம்புத் தண்ணியில என்னைப் போட்டு ஊருணியில விட்டுரு. பிள்ளைத்தாச்சி கேக்கறேன்."

சோணையன் தலையைச் சொறிந்தான். "கண்மாய் மீனைக் குடிதண்ணியில கொண்டுபோய் விட்டேன்னு தெரிஞ்சா, என் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி மொள்ள விடமாட்டாங்க தாயி. நீயா வந்து சேந்தா அது வேற சங்கதி. உன்னை யாரு கேள்வி கேக்கப்போறா?"

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பக்கத்துக் குழியில் கிடந்த கெளுத்தி மாமன் இதைக் கேட்டுச் சிரித்தார். "கையும் இல்ல, காலும் இல்ல. கரையேறப் போறாளாம். பேசாமக் கிட புள்ள."

"உங்களுக்கு மீசை இருக்கு மாமா, தடவிக்கிட்டுக் கிடங்க. நான் போறேன்," என்றாள் ஒச்சாயி.

கண்மாய்க்குள் ஒரு கருவேலமரம் நின்றது. உடம்பெல்லாம் முள். ஒச்சாயி சேற்றில் புரண்டு அதன் அடிக்கு வந்தாள். "அக்கா, எனக்கு முள் வேணும். கன்னத்துல வச்சுக்கிட்டா மண்ணுல குத்திக் குத்தி ஏறிருவேன்."

"முள்ளுக்கு எனக்கென்ன பஞ்சம்? ஆனா ஏறுன முள் இறங்காதுடி. அதுவும் போகட்டும், கரைமேல மூச்சுக்கு என்ன பண்ணுவே?"

"காத்தைக் குடிச்சுக்கிறேன்."

மரம் ஒரு கிளையைத் தாழ்த்தியது. பிறகு சொன்னது: "காத்துக் குடிச்சுப் பழகுன நெஞ்சுக்கு வெறும் தண்ணி பத்தாது. தண்ணி நிறைஞ்சு கிடந்தாலும் மேல வந்து காத்துக் குடிக்கணும். வரலைன்னா மூழ்கித்தான் சாவே. உனக்கு மட்டுமில்ல, உன் வம்சத்துக்கே இதுதான் கதி. மீனு தண்ணியில மூழ்கிச் செத்துச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"என் பிள்ளைக வாயைத் திறந்து திறந்து செத்தப்ப யாரும் சிரிக்கலக்கா. இப்பச் சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போகட்டும்."

அப்படிச் சொன்னவள் யோசிக்கவே இல்லை. தாழ்ந்து கிடந்த கிளையில் இந்தக் கன்னத்தை ஓங்கி மோதினாள், அந்தக் கன்னத்தை ஓங்கி மோதினாள். செவுள் மூடியில் முள் வரிசையாக ஏறி நின்றது. வலியில் வாய் பிளந்தது. பிளந்த வாய்க்குள் காற்று புகுந்தது. இருமினாள், புரண்டாள், உயிர் போய்விடும் போலிருந்தது. ஆனால் போகவில்லை.

விடியும்போது ஒச்சாயி கரைச் சரிவில் இருந்தாள். கன்னத்தைக் குத்துவாள், வாலை உதைப்பாள், விரற்கடை அளவு ஏறுவாள். சறுக்கினால் மறுபடியும் குத்துவாள். பனி ஈரம் இருந்ததால் தோல் காயவில்லை. உச்சிக்கு வந்து நிமிர்ந்தால், கரை நெடுக மனிதக் கால்கள். வலையும் கூடையுமாக ஊரே வந்து நின்றுகொண்டிருந்தது.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய பிறகுதான் மீனைத் தொடலாம் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. துண்டு இன்னும் அவர் தோளில்தான் கிடந்தது. ஒச்சாயி கால்களுக்கு நடுவே புகுந்து நகர்ந்தாள்.

பேச்சி என்பவள் முதலில் பார்த்தாள். "அட, மீனு நடந்து வருது," என்று குனிந்து கையை நீட்டினாள்.

பக்கத்தில் நின்ற சோணையன், "வெள்ளை வீசல," என்றான்.

"காலடியில கிடக்கிறதை விடச் சொல்றியா?"

"இப்பத் தொட்டேன்னா உன்னைக் கண்மாய்க்குள்ளயே இறங்க விடமாட்டாங்க. இந்த ஒரு மீனு போதுமா உனக்கு?"

பேச்சி கையை எடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை. பெரியவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரலுக்குக் கீழே ஒச்சாயி கன்னத்தைக் குத்தி, வாலை உதைத்து, நகர்ந்துகொண்டிருந்தாள். பெரியவர் துண்டை எடுத்து உதறினார். உயர்த்தினார். வீசினார். பேச்சி பாய்ந்தாள், அதற்குள் ஒச்சாயி அந்தப் பக்கச் சரிவில் உருண்டு ஊருணிக்குள் விழுந்துவிட்டாள். ஊரோ இந்தப் பக்கம் கண்மாய்க்குள் குதித்தது. பேச்சியும் ஓடினாள்.

ஊருணியில் ஒச்சாயி முட்டையிட்டாள். குஞ்சுகள் பொரிந்து, கொஞ்சம் வளர்ந்தன. ஒரு நாள் அதில் ஒன்று துவண்டு அடியில் போய்ப் படுத்தது. ஒச்சாயி பாய்ந்து அடிக்குப் போனாள். மூக்கால் முட்டி முட்டி அதை மேலே கொண்டுவந்தாள். அது வாயைத் திறந்தது. ஒரு வாய் காற்றைக் குடித்தது. செத்துப்போன பிள்ளைகளும் இப்படித்தான் வாயைத் திறந்தன. இது மட்டும் வாயை மூடிக்கொண்டு துள்ளி ஓடியது. ஒச்சாயி ஓடிப்போய் அதன் கன்னத்தில் கன்னத்தை உரசினாள். குத்தியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பனைமரத்தில் ஏறும் என்று சொல்லி இதற்குப் பனையேறிக் கெண்டை என்று பேர் வைத்தார்கள். நான் பார்த்ததில்லை, கரையேறினதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று முதல்தான் அது செவுளில் முள்ளோடு பிறக்கிறது, குளம் வற்றினால் அடுத்த குளத்துக்கு நடந்தே போகிறது, தண்ணீர் தளும்பிக் கிடந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.