படகு இல்லாத கடல்

ஒரு ஊர்ல ஒரு அமலோற்பவம் இருந்தா. கடற்கரை ஊரு. சுத்திப் பாக்க வர்றவங்க ஞாபகமா எடுத்துட்டுப் போக, வெள்ளைப் பீங்கான் தட்டுல படம் வரைஞ்சு விப்பா. என்ன படம்? கடலு, மணல்ல ஏத்தி வெச்ச படகு, வலை பிரிக்கிற பொம்பளைங்க. என்னடி, அத்தைக்கு "ம்" சொல்ல மாட்டியா? ஆங், அப்படி.

அப்புறம், கரையோரமா ஒரு பெரிய ஹோட்டல் வந்துது. முதலாளி துரைக்கண்ணு. மொத்தக் கரையும் அவருக்கே வேணுமாம். மீன் நாத்தம் ஆகாதாம்!

அமலோற்பவத்துகிட்ட வந்தார். "ஹோட்டலுக்கு நிறையத் தட்டு வேணும். கடலும் தென்னமரமும் மட்டும் போடு. படகு, ஆளு ஒண்ணும் வேணாம்."

"ஏன் சார்?"

"இங்க யாருமே இல்லாத மாதிரி இருக்கணும்."

"நாங்க இருக்கோமே! படகு இல்லாத கடலை நான் வரையமாட்டேன்"னுட்டா.

அப்புறம் என்ன செஞ்சார் தெரியுமா? ஊர்ல தட்டு விக்கிற கடையில இருந்த வெள்ளைத் தட்டையெல்லாம் ஒண்ணு விடாம வாங்கி, லாரியில ஏத்திட்டார். டுர்ர்ர்... போயே போச்சு! அப்போ இவ வீடு வீடாத் தட்டு கேட்டுப் போனா. பக்கத்து வீட்டு எஸ்கலின் சாப்பிட்டுட்டிருந்த தட்டையே கழுவிக் கொடுத்தா. "இந்தா, இதுல எங்க படகைப் போடு." அப்படியே ஊரே கொடுத்துது. ம்?

மூணாவது தடவை ஆளுங்களோட வந்தார். அவ கடைப் பலகையை ஒரே தள்ளு. சலீர்! சலீர்! படீர்! வரைஞ்சு வெச்ச தட்டெல்லாம் சுக்குநூறு.

"இப்பவாவது வரைவியா?"

அவளுக்கு அழுகையா வந்துது. ஆனா அவர் முன்னாடி அழலை. "மாட்டேன்."

அவர் போனதும் பொம்பளைங்க குனிஞ்சு துண்டு துண்டாப் பொறுக்கினாங்க. ஹோட்டலுக்கு நேர் எதிர்க்க வலைக் கொட்டகைச் சுவர். அதுல சிமென்ட் பூசி, சொத்து சொத்துனு பதிச்சாங்க. இங்க பாதிப் படகு, அங்க ஒரு முகம், துடுப்பு புடிச்ச ஒரு கை.

சாயங்கால வெயில் பட்டுச்சு பாரு, பளீர் பளீர்! ஹோட்டல்ல எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதே முகம், அதே படகு. தங்க வந்தவங்க, "யாரு இவங்க?"ன்னு கேட்டு இறங்கி வந்துட்டாங்க. சுவரை இடிக்கவும் அவரால முடியலை. ஊரே அது முன்னாடி உக்காந்து வலை பிரிக்குதே, எப்படி இடிப்பார்?

இன்னிக்கும் அங்கதான் படகு கரையேறுது. அவ்ளோதான்டி கதை. கண்ணை மூடு, நீயும் கரையேறித் தூங்கு.