துக்கத்துக்கு அழைப்பு

பவானி ஆற்றங்கரை மடத்துக்குச் செங்கோடன் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. அவருக்கென்று சோறு எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேரே நாச்சியாரம்மாவிடம் போனார். குருவுக்கும் சீடருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அம்மாவின் முன்னால் நின்றுவிட்டால் செங்கோடன் கையைப் பிசையத் தொடங்கிவிடுவார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"தப்பு யார் மேலன்னு நீங்கதான் சொல்லோணும்."

"யாருக்கும் யாருக்கும் தகராறு?"

"தகராறெல்லாம் இல்லீங்க. எனக்கும் யோகண்ணனுக்கும்."

யோகண்ணன் என்பது ஊர் வைத்த பேர். மனுஷர் பின்லாந்துக்காரர்; சொந்தப் பேர் யூஹானி. நூல் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்தவர், காவேரித் தண்ணி பிடித்துப்போய் மனைவி லீசாவோடு இருபது வருஷம் தங்கிவிட்டார். செங்கோடன் வீட்டிலிருந்து, தெருமுனை திரும்பி, ஒன்பதாவது வீடு. அவர் வாயே திறக்கமாட்டார். இவர் வாயை மூடவே மாட்டார். ஜாடிக்கேத்த மூடி என்று ஊரே சிரிக்கும்.

"ஆறு வருசத்துக்கு முந்தி இருந்து சொல்றேனுங்க. பாவாயி போய்ச் சேர்ந்தாளே, அப்ப."

பாவாயி செங்கோடனின் மனைவி. அவள் செத்த அன்று ஊரே திரண்டு வந்தது. கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்த பங்காளிகூட வந்து கட்டிப்பிடித்து அழுதான். யோகண்ணன் வரவில்லை. மூன்று நாள் கழிந்தும் வரவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகவேண்டும், சாவுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும். இதைக்கூடவா ஒருத்தருக்குச் சொல்லித்தர வேண்டும்? செங்கோடன் அன்றோடு அவர் முகத்தில் முழிப்பதை விட்டார்.

"ரெண்டு வருசம் பேசலைங்க. ஒரு நாள் அவரே வழிமறிச்சுக் கேட்டாரு. 'ஏன் என்னைக் கூப்பிடலை? எங்க வீட்டுப் பழக்கத்துல, கூப்பிடாம துக்க வீட்டுக்குள்ள நுழையமாட்டோம். கூப்பிடுவீங்கன்னு காத்துட்டே இருந்தேன்'னு. நடுரோட்டுல ரெண்டு பேரும் அழுதோமுங்க."

"நல்லது. அதோட தீர்ந்துதா?"

"எங்கீங்க தீர்ந்துது! போன மாசம் லீசாம்மா தவறிட்டாங்க."

கீரை ஆய்ந்த கை நின்றது.

லீசாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய், அங்கிருந்தே தகனமும் முடிந்துவிட்டது. செங்கோடனுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. பதறிப்போய் வேட்டியை மாற்றிக்கொண்டு தன் வீட்டு வாசல்வரை வந்தவர், சட்டென்று நின்றார். பட்ட அனுபவம் அப்படி. கூப்பிடாமல் உள்ளே போய் மனுஷனை நோகடிக்கக் கூடாது, இந்தத் தடவையாவது அவர் வழக்கப்படி நடப்போம் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளா, இரண்டு நாளா? பத்து நாள். போன் அடிக்கவே இல்லை. பதினோராம் நாள் யோகண்ணன் அஸ்தியை எடுத்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் நாட்டுக்கே போய்விட்டார்.

"அவரு போனதுக்கப்புறந்தான் பக்கத்து வீட்டுச் சரசா வந்து சொன்னாளுங்க. பத்து நாளும் கதவையே சாத்தலையாம். வாடகை நாற்காலி எடுத்து வாசல்ல போட்டு, கால் கழுவத் தண்ணி வெச்சு, யார் வந்து உட்கார்ந்தாலும் தெருவையே பாத்துட்டிருந்தாராம். 'செங்கோடண்ணனுக்குப் போன் பண்ணட்டுமா'ன்னு இவ கேட்டிருக்கா. 'வேண்டாம், உங்க ஊர்ல துக்கத்துக்குக் கூப்பிடமாட்டாங்க. அவரு தானா வருவாரு'ன்னாராம்."

செங்கோடன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அழவிட்டார்.

"பேசிப் பார்த்தியா?"

"அந்த நம்பரே இப்ப இல்லைங்கறாங்க. அட்ரஸும் யாருக்கும் தெரியலை."

"ம்."

"வழக்கம் தெரியாம ஒரு தடவ கெட்டுதுங்க. தெரிஞ்சு நடந்தும் கெட்டுதே! அவரு நம்மளாட்டம் ஆயிட்டாரு, நான் அவராட்டம் ஆயிட்டேன். பாவாயி போனப்ப அவரு காத்திருந்தாரு. லீசாம்மா போனப்ப நான் காத்திருந்தேன். ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதானுங்களே?"

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"பாவாயி போனப்ப அவர் எங்க காத்திருந்தாராம்?"

"எங்க தெரு முனையிலங்க, கரண்டு கம்பத்தோரமா. சித்திரை வெயிலு. மூணு நாளும் காலைல வந்து பொழுது சாயற வரைக்கும் நின்னாராம். யாரோ உள்ள போகச் சொன்னதுக்கு, வீட்டுக்காரர் கூப்பிடட்டும்னாராம். அழுகைச் சத்தத்துல அது என் காதுக்கே வரலைங்க."

"நீ எங்க காத்திருந்தே?"

"என் வீட்டுக்குள்ளங்க," என்றார் செங்கோடன்.