ஓணான் தண்டால் எடுப்பது எதற்கு

அந்தக் காலத்தில், மலைகள் எல்லாம் இன்னும் சரியாக உட்கார்ந்திராத காலத்தில், பூமிக்கு அடிக்கடி புரண்டு படுக்கும் பழக்கம் இருந்தது. ஒரே பக்கமாகப் படுத்துக் கை மரத்துப் போனவர்கள் புரள்வதில்லையா, அது போலத்தான். அதற்கு அது ஒரு நொடி வேலை. மேலே குடியிருப்பவர்களுக்குத்தான் பாடு. வளை சரியும், மரம் சாயும், ஓடைத் தண்ணீர் கரைமேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். விலங்குகளுக்கு அப்போது பேச்சு இருந்தது. பேசியதில் பாதி இதைப் பற்றிய புலம்பல்தான்.

செம்மலை என்று ஒரு மலை. அதன் அடிவாரச் சரிவில் முள்ளம்பன்றி, பெருச்சாளி, நரி, உடும்பு என்று மண்ணைக் குடைந்து குடியிருந்தவர்கள் ஏராளம். மண்ணுக்குள் இருப்பவர்களுக்கு நிலம் ஆடப்போவது கொஞ்சம் முன்னால் தெரிந்தால்தான் உயிர் தங்கும். அதனால் சரிவின் மேலே இருந்த தட்டைப் பாறையில் ஒரு காவல்காரனைப் போட்டிருந்தார்கள். அவன் ஓர் ஓணான். பெயர் கரட்டாண்டி.

ஓணானை ஏன் போட்டார்கள் என்றால், அந்தக் காலத்து ஓணான் அசையவே அசையாது. வயிற்றைப் பாறையோடு ஒட்டிப் படுத்தால் கல் எது, ஓணான் எது என்று கழுகுக்கே குழப்பம் வரும். செம்மலையில் ஒரு சட்டமும் இருந்தது: காவலுக்குப் படுத்தவன் அசையக் கூடாது. மூக்கின்மேல் ஈ வந்து உட்கார்ந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது ஓணான்களுக்குத்தான் தெரியும்.

நிலம் குலுங்குவதற்கு முன்னால் கல்லுக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடும். மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்குமே, அவ்வளவுதான் இருக்கும். அது வயிற்றில் பட்ட உடனே கரட்டாண்டி, "ஆடுது!" என்று கத்துவான். எல்லோரும் வளையைவிட்டு ஓடிவந்து பொட்டலில் நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் குலுக்கல் வரும்.

கரட்டாண்டிக்கு இந்த வேலை பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு நிலம் ஆடினால் பயம். இவனுக்குப் பயத்தோடு ஆசையும் உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தது, போன தடவை வந்ததைவிடப் பெரிதா சிறிதா, ஏன் இப்போது வந்தது என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பான். யாராவது கேட்டால் விடிய விடியச் சொல்வான். யாரும் கேட்டதில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை பெரிய ஆட்டம் வந்தது. மலையுச்சியில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்த உருண்டைப் பாறை, உருண்டு வந்து ஓடையில் குளித்தது. ஆனால் கரட்டாண்டி நேரத்தோடு கத்தியிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சடைச்சி என்கிற முள்ளம்பன்றி, ஈர்க்கு என்கிற தன் குட்டியை இழுத்துக்கொண்டு நேராகப் பாறைக்கு வந்தாள். கணவனைப் போன வருடம்தான் ஒரு மண்சரிவு கொண்டுபோயிருந்தது. அந்தக் குட்டியைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"தம்பி, என்ற பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்துட்ட. கூடப் பிறந்தவன் எனக்கு இல்லை. இனி இவளுக்கு நீதான் தாய்மாமன். தை பிறந்ததும் காது குத்தறோம், நீதான் மடியில வெச்சுக்கோணும்" என்றாள்.

முள்ளம்பன்றிக் குட்டியை மடியில் வைத்துக்கொள்வது எப்படி என்று கரட்டாண்டிக்கு ஒரு நிமிடம் யோசனை போனது. ஆனாலும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "ஆகட்டுங்க்கா" என்றான். ஈர்க்கு அப்போதே அவனை 'மாமா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

பெரியது போய்விட்டதே தவிர, நிலம் அடங்கவில்லை. ஊஞ்சலைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்த உடனே ஊஞ்சல் நின்றுவிடுகிறதா? குட்டி குட்டி ஆட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. கரட்டாண்டி கத்தினான். எல்லோரும் வளைக்கு உள்ளே போவதும் வெளியே ஓடிவருவதுமாக இருந்தார்கள். இதற்கு நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த விசித்திரம் நடந்தது. கரட்டாண்டி வயிற்றில் சிலிர்ப்பை உணர்ந்து கத்தினான். மழையில் எல்லோரும் பொட்டலுக்கு ஓடிவந்து நனைந்துகொண்டு நின்றார்கள். நிலம் ஆடவில்லை. உள்ளே போனார்கள். மறுபடி சிலிர்ப்பு, மறுபடி கத்தல், மறுபடி மழையில் நின்றார்கள். இலைகூட ஆடவில்லை.

தொந்தியண்ணன் என்கிற கிழட்டுப் பெருச்சாளி, மீசையில் சொட்டிய தண்ணீரை வழித்துவிட்டுப் பாறையை அண்ணாந்து பார்த்தார். "ஏந்தம்பி, ஆடினது நிலமா, உன்ற தொடையா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சடைச்சியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது கரட்டாண்டிக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது. தொடையைக் குனிந்து பார்த்தான். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய ஆட்டத்தின் பயம் இன்னும் உடம்பைவிட்டுப் போகாமல் உள்ளேயே இருந்தது. அசையவே அசையாத குலத்தில் பிறந்துவிட்டு இப்படி நடுங்குகிறோமே என்று அவமானமாக இருந்தது. இனி ஒரு தடவை இந்தத் தொடையை நம்பிக் கத்தினால் நான் ஓணானே இல்லை என்று முடிவு செய்துகொண்டான்.

மழை விட்டது. சடைச்சி குட்டியை வளையில் தூங்க வைத்துவிட்டு, கிழங்கு தோண்ட ஓடைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் கரட்டாண்டியின் வயிற்றில் சிலிர்ப்பு ஓடியது.

'நான்தான்' என்று நினைத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தான்.

நிலம் குலுங்கியது. அப்படியொன்றும் பெரியதில்லை. ஆனால் மண் ஊறிப்போயிருந்தது. சடைச்சியுடைய வளையின் வாய் சத்தமே இல்லாமல் சரிந்து மூடிக்கொண்டது.

கிழங்கைப் போட்டுவிட்டு ஓடிவந்த சடைச்சி, வளை இருந்த இடத்தில் வழவழவென்று ஈரமண் கிடப்பதைப் பார்த்தாள். அவள் முட்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று மோதிக் கலகலத்தன. மண்ணுக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அம்மா! மாமா!"

"ஏந்தம்பி சொல்லலை?" என்று கேட்டாள் சடைச்சி.

"ஆடறது நான்தான்னு நெனைச்சுட்டேனுங்க்கா."

அவள் வளைப்பக்கம் திரும்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சடைச்சி முன்னால் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தொந்தியண்ணன் பின்னாலேயே புகுந்து, அவள் பறித்த மண்ணை வெளியே தள்ளினார். மேல்மண் அப்பவோ இப்பவோ என்று நின்றது. இன்னொரு குலுக்கல் வந்தால் உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் அதுவே குழி. கரட்டாண்டி பாறையில் வயிற்றை ஒட்டிப் படுத்தான். நிலம் சிலிர்க்கிறதா என்று பார்ப்பதைத் தவிர அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் இப்போது தொடை மட்டும் நடுங்கவில்லை, வால் நுனிவரை நடுங்கியது. சிலிர்ப்பு வந்தது போலிருந்தது. "ஆடுது!" என்று கத்தினான். இரண்டு பேரும் பதறியடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நிலம் ஆடவில்லை. அவர்கள் வந்த வேகத்தில் கொஞ்சம் மண் சரிந்து, பறித்ததில் பாதி மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து வந்த குரல் இன்னும் மெலிந்துபோயிருந்தது.

சடைச்சி பாறையைப் பார்த்து நின்றாள். "தம்பி, நிலம் ஆடினா மட்டும் சொல்லு. நீ ஆடினா சொல்லாதே" என்றாள்.

"எது நான், எது நிலம்னு தெரியலைங்க்கா."

"தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

கரட்டாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அந்த நிலையிலும் அவனுடைய பழைய ஆசை மெல்லத் தலையைத் தூக்கியது. எப்படித் தெரிந்துகொள்வது? நிலத்தின் நடுக்கமும் வயிற்றில்தான் தெரிகிறது, என் நடுக்கமும் வயிற்றில்தான் தெரிகிறது. இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது. நிலத்தை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. என்னை நிறுத்தச் சொல்லலாம், ஆனால் எவ்வளவு அடக்கினாலும் இந்தத் தொடை நின்று தொலைய மாட்டேன் என்கிறது. அது அதன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. நானாக ஆட்டினால்? நானாக ஆட்டியதை நானே நிறுத்தலாம் அல்லவா?

செம்மலையில் எந்தக் காவல்காரனும் செய்யாத காரியத்தை அப்போது அவன் செய்தான். முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கினான். இறக்கினான். மறுபடி தூக்கினான், இறக்கினான். தொடை நடுக்கமெல்லாம் அந்த ஆட்டத்தில் கரைந்துபோகிற மாதிரி, மூச்சு வாங்க வாங்கத் தண்டால் எடுத்தான். பிறகு சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து, வயிற்றால் கேட்டான்.

ஒன்றுமில்லை. உடம்பு சூடாகியிருந்தது. தொடைகூடக் களைத்துப்போய்ச் சும்மா இருந்தது. அந்த நின்ற ஒரு மூச்சு நேரத்துக்கு, பாறை மட்டும்தான் இருந்தது. பாறை அமைதியாக இருந்தது.

"இப்ப இல்லைங்க்கா! பறிங்க!" என்று கத்தினான்.

மண் தள்ள வெளியே வந்த தொந்தியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். காவல்காரன் பாறைமேல் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தான். "அட பாவி! உள்ள உசுரு ஊசலாடுது, இங்க இவன் கூத்தாடறான். சடைச்சி, உன்ற தம்பிக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

கரட்டாண்டி காதில் வாங்கவில்லை. தூக்கினான், இறக்கினான், நின்றான். இல்லை. தூக்கினான், இறக்கினான், நின்றான். இல்லை. மறுபடியும் தூக்கி, இறக்கி, நின்றான்.

இவன் நின்றுவிட்டான். ஆனால் வயிற்றுக்கடியில் ஏதோ ஒன்று நிற்கவில்லை. பாறைக்குள்ளிருந்து, ஒரு மாட்டின் தோல் போல, சிலிர்ப்பு ஓடியது.

"ஆடுது! வெளிய வாங்க!"

தொந்தியண்ணன் வெளியே பாய்ந்துவிட்டார். சடைச்சி வரவில்லை. அவள் அந்த நேரத்தில்தான் மண்ணுக்குள் குட்டியின் காலைத் தொட்டிருந்தாள். மெதுவாகப் பறித்தால் நோகாமல் எடுக்கலாம், இழுத்தால் கால் பிசகும். வளைக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"தம்பி, நீயா, நிலமா?"

இதற்கு முன்னால் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. இப்போது அவனுக்குத் தெரியும்.

"நிலமுங்க்கா!"

அவள் குட்டியின் காலைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தாள். முட்கள் வளைச் சுவரில் முறிய முறியப் பின்னுக்கு வந்து பொட்டலில் விழுந்தாள். அவள் விழுந்ததும் நிலம் குலுங்கியதும், குலுங்கியதும் வளை மொத்தமாக உள்ளே அமுங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. குலுக்கல் அடங்கியபோது ஈர்க்கு மூக்கு நிறைய மண்ணோடு தும்மிக்கொண்டிருந்தாள். ஒரு கால் பிசகியிருந்தது. கரட்டாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே தண்டாலும் எடுத்தான், ஏனென்றால் அடுத்தது எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்?

சடைச்சி மேலே ஏறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முறிந்த முட்களை ஒவ்வொன்றாக உதறினாள். "நானும் சிரிச்சேன் அப்ப. சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள். பிறகு, "மாமன் முறை அப்படியேதான் இருக்கு. தையில மடியைத் தயாரா வெச்சுக்கோ" என்றாள்.

நாட்கள் போகப் போக ஆட்டங்கள் சிறுத்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டது. ஒரு நாள் தொந்தியண்ணன் தயங்கித் தயங்கிப் பாறையடிக்கு வந்தார்.

"ஏந்தம்பி, முடிஞ்சுதா?"

கரட்டாண்டி தண்டால் எடுத்து, நின்று, தலையைச் சாய்த்தான். "இப்ப இல்லைங்ண்ணா."

"அப்ப முடிஞ்சுதுன்னு எல்லார்த்துக்கும் சொல்லிரட்டுமா?"

"இப்ப இல்லைன்னுதானுங்களே சொன்னேன்?"

தொந்தியண்ணன் மீசையை வழித்துக்கொண்டார். "சரி. சித்தெ நேரம் கழிச்சு மறுபடி கேக்கறேன்" என்றார்.

"கேளுங்ண்ணா" என்றான் கரட்டாண்டி. தன்னிடம் ஒருவர் கேட்டதில் அவனுக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

தை மாதம் ஈர்க்குக்குக் காது குத்தினார்கள். மடியெல்லாம் முள் குத்த, தாய்மாமன் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தான். சடங்கின் நடுவிலும் முன்னங்காலை ஊன்றி எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டான். குட்டியும் கூடவே ஏறி இறங்கிச் சிரித்தாள். காவலுக்குப் படுத்தவன் அசையக் கூடாது என்ற சட்டத்தின் பேச்சைச் செம்மலையில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

வேலிமேல் ஓணான் தலையை ஆட்டினால் நம்மைக் கேலி செய்கிறது என்று நினைத்து நாம் கல்லைத் தேடுகிறோம். அதற்கு நம்மைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அது நிலத்திடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. அன்று முதல்தான் ஓணான் தண்டால் எடுப்பதும், சட்டென்று நின்று தலையைச் சாய்ப்பதும். அது மறுபடியும் தண்டால் எடுக்கத் தொடங்கிவிட்டால், இப்போதைக்கு ஆட்டம் இல்லை, நீங்கள் போய் உங்கள் சோலியைப் பார்க்கலாம்.